மூன்றாம் இருக்கை

அந்த மருத்துவமனையில் கணினி மெதுவாகிவிட்டால் எல்லோரும் ஒரே ஆளைத்தான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் என்னவோ, யாருக்கும் நினைவில்லை. எல்லோருக்கும் அவர் கேபிள். ரத்தப் பரிசோதனை ஆய்வகத்திலிருந்து "திரை சுத்திக்கிட்டே இருக்கு" என்று தொலைபேசி வந்தால் கேபிள் மேல்மாடியிலிருந்து படியிறங்கி வருவார். வழியில் நாலு பேரை நலம் விசாரிப்பார். மேசைக்கடியில் குனிந்து, ஒரு பெருமூச்சு விட்டு, நீல ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகுவார். அவர் நிமிர்வதற்குள் திரை சரியாகியிருக்கும். "பாத்தீங்களா, ஒயர் லூசு" என்று கையைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். வருடக்கணக்காக இப்படித்தான் நடந்தது. ஒயரைச் சொருகியதால் சரியானதா, அல்லது அவர் ஆடி அசைந்து வந்து சேர்வதற்குள் தானாகவே சரியாகிவிட்டதா என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

கேட்டவள் வாலு. அவளும் அண்ணிக்குச் சிக்கல் வந்த பிறகுதான் கேட்டாள்.

முப்பது வயதைத் தாண்டி, கண்ணாடி போட்டு, ஒரு மருத்துவமனையின் மொத்தத் தரவுத்தளத்தையும் கட்டிக் காக்கிற பெண்ணை வாலு என்று கூப்பிடுவது முறையில்லைதான். சின்ன வயதில் வீட்டில் ஒரு கடிகாரத்தையும் முழுசாக விட்டுவைக்காதவளுக்கு அண்ணன் வைத்த பெயர் அது. கல்யாணமாகி வந்த அண்ணி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அண்ணி அந்த ஆய்வகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவள். இங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லி வாலுவை விண்ணப்பம் போட வைத்ததும் அவள்தான். வேலையோடு பட்டப்பெயரையும் மருத்துவமனைக்குள் கொண்டுவந்து விட்டாள்.

நாத்தனாரும் அண்ணியும் ஒரே வீட்டில் இருந்து, ஒரே பேருந்தில் ஏறி, ஒரே இடத்தில் வேலை பார்த்தும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருப்பதே பலருக்கு அதிசயம். சண்டை வராமலா இருக்கும்? வரும். குழாயை யார் சரியாக மூடவில்லை என்பதில் தொடங்கி அண்ணனை யார் கெடுத்தது என்பது வரை போகும். பேருந்து வந்ததும் நின்றுவிடும்.

ஒரு முற்பகலில் அவசரப் பிரிவுக்கு ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் எகிறியிருந்தது. ஆய்வகத்தில் பரிசோதனை உடனே முடிந்துவிட்டது. அண்ணிக்குப் பக்கத்து இருக்கைக்காரர் முடிவைப் பதிந்தார். திரை சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. முடிவு அவசரப் பிரிவின் திரைக்குப் போய்ச் சேர்வதற்குள் பெரியவரின் இதயம் தாளம் தப்பிவிட்டது. அவர் பிழைத்தது மயிரிழையில்.

அவருடைய மக்கள் சும்மா விடவில்லை, விடவும் கூடாது. நிர்வாகம் ஆய்வகத் தலைவரைக் கேட்டது. தலைவர் நல்ல டாக்டர், கெட்டிக்காரர், ஆனால் கண்ணால் கண்டால் அதோடு தீர்ந்தது என்று நினைக்கிற ஜாதி. அந்த நேரத்தில் ஆய்வகத்தைத் தாண்டிப் போன அவர், பொறுப்பில் இருந்த அண்ணி மூன்றாம் இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு, திறந்த திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததைக் கண்டிருந்தார். கண்டதை எழுதினார். கூடவே "கடமையில் அலட்சியம்" என்று சேர்த்தும் எழுதினார். அடுத்த வாரம் விசாரணை. புகார் நிரூபணமானால் அண்ணியை ஆய்வகத்திலிருந்து எடுத்து, வாசலில் டோக்கன் கொடுக்கும் இடத்தில் உட்கார வைப்பார்கள்.

பக்கத்தில் எல்லோருடைய திரையும்தான் சுற்றியது என்று அண்ணி சொன்னாள். சிஸ்டம் ஸ்லோ என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொல்கிற வயிற்றுவலி மாதிரி. உண்மையாகவே வலித்தாலும் யாரும் நம்புவதில்லை. போதாக்குறைக்கு கேபிள், அன்றைக்கு ஒயர்கள் எல்லாம் நன்றாக இருந்தன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பொய்யில்லை, நன்றாகத்தான் இருந்தன.

புகார் வந்த அன்று சாயங்காலம் பேருந்தில் அண்ணி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அழுது வாலு பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை. இறங்கும் இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மட்டும் வாயைத் திறந்தாள்.

"என்னைத் திட்டட்டும் வாலு, பரவாயில்லை. அந்த மேசையிலேருந்து எடுத்துட்டா நான் என்ன பண்ணுவேன்? எனக்கு வேற ஒண்ணும் தெரியாதே."

வாலு அவள் பக்கம் திரும்பி, "நீங்க சொன்னா நம்ப மாட்டாங்க அண்ணி. சர்வரையே சொல்ல வெக்கிறேன்" என்றாள். அதை எப்படிச் செய்வது என்று அப்போது அவளுக்கே தெரியாது. ஆனால் வாயிலிருந்து வார்த்தை வந்துவிட்டது, இனிப் பின்வாங்குவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

ஆய்வகம், வார்டுகள், மருந்தகம் எல்லாம் எழுதுவதும் படிப்பதும் ஒரே சர்வரில். குளிரூட்டிய ஒரு சின்ன அறையில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அது தன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருக்கும். அதற்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் யாராவது தொலைபேசியில் கத்தும்போதுதான் வாலுவுக்கே தெரியவரும். எப்போதும் கண்காணித்துக்கொண்டே இருக்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்று அவள் முன்பே பலமுறை கேட்டிருந்தாள். நன்றாக ஓடுகிறதற்கு எதற்குக் காவல் என்று சொல்லித் தட்டிக் கழித்திருந்தார்கள். இந்த முறை அவள் யாரையும் கேட்கவில்லை.

முதல் நாளே சொதப்பினாள். ஆத்திரத்தில் செய்கிற வேலை அப்படித்தான் ஆகும். கண்காணிக்கும் நிரலை சர்வருக்குள்ளேயே உட்கார வைத்தாள். கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒரு தடவை, மொத்தப் பரிசோதனை முடிவுகளையும் தலையிலிருந்து கால்வரை எண்ணிப் பார்த்துச் சொல் என்று அதற்கு உத்தரவு போட்டாள். பல வருடத்து முடிவுகள். அது எண்ண ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் சர்வருக்கு மூச்சு வாங்கியது. ஆய்வகத்தில் திரைகள் சுற்றின, மருந்தகத்தில் வரிசை வாசல் வரை நீண்டது. கேபிள் வாழ்நாளில் முதல் தடவையாகப் படியில் ஓடி இறங்கினார். கண்ணில் பட்ட ஒயரையெல்லாம் பிடுங்கிச் சொருகினார். ஒன்றும் சரியாகவில்லை. பாவம், அவருடைய முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

குற்றவாளி யார் என்று வாலுவுக்கு உறைத்தபோது அவள் காது மடல்கள் சூடாகிவிட்டன. சீக்குக்காரனைப் பார்த்துக்கொள்ள வைத்த ஆள் அவன் நெஞ்சின்மேலேயே ஏறி உட்கார்ந்த கதை. நிரலை நிறுத்தினாள், சர்வர் மூச்சு விட்டது. நேரே கேபிளிடம் போய் நான்தான் காரணம் என்று சொன்னாள். கேபிளுக்குக் கோபம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. தன் கைராசி போகவில்லை என்ற நிம்மதி.

அடுத்து, சாமான் அறையில் கால் உடைந்த நாற்காலிகளுக்கு அடியில் கிடந்த ஒரு பழைய கணினியைத் தேடி எடுத்தாள். தூசி தட்டினாள், தும்மினாள். அதன் விசிறி தகரத்தில் கல் போட்டது போலக் கடகடத்தது. கடகடத்தால் என்ன, ஓடுகிறதே. சர்வர் அறைக்கு வெளியே அதை வைத்தாள். காவல் வெளியேதான் நிற்க வேண்டும் என்பது முதல் அடியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. எண்ணுகிற வேலையெல்லாம் கிடையாது. அந்தக் கிழட்டுக் கணினி அவ்வப்போது சர்வரிடம் ஒரே ஒரு சின்னக் கேள்வி கேட்கும்: இப்போது யார் பூட்டியிருக்கிறார்கள், யார் காத்திருக்கிறார்கள்?

பூட்டு என்றால் பெரிய சங்கதி இல்லை. ஆள் நிறைந்த வீட்டின் ஒற்றைக் குளியலறையை நினைத்துக்கொண்டால் போதும். உள்ளே போனவர் தாழ்ப்பாள் போடத்தான் வேண்டும். சீக்கிரம் வந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. உள்ளே போனவர் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தால், வெளியே தோளில் துண்டோடு மொத்தக் குடும்பமும் நிற்கும். தரவுத்தளத்திலும் ஒருவர் எழுதும்போது இன்னொருவர் குறுக்கே எழுதக் கூடாது என்பதற்காகப் பூட்டு விழும். அது அரை நொடியில் விழுந்து அரை நொடியில் திறக்க வேண்டிய பூட்டு. எங்கேயோ ஒன்று திறக்காமல் நிற்கிறது என்று வாலு சந்தேகப்பட்டாள்.

இரண்டாம் நாள் இன்னொரு கூத்து. எது நடந்தாலும் கைப்பேசிக்கு மெசேஜ் அனுப்பு என்று சொல்லி வைத்திருந்தாள். தன் கைப்பேசிக்கும் கேபிளின் கைப்பேசிக்கும். அரை நொடிப் பூட்டுக்கெல்லாம் மெசேஜ் வந்தது. சாப்பிட உட்கார்ந்தால் மெசேஜ், கை கழுவினால் மெசேஜ். கேபிள் கைப்பேசியை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். இழுப்பறை அதிர்ந்துகொண்டே இருந்தது. தொட்டதற்கெல்லாம் கூப்பாடு போட்டால், நிஜமாகவே வீடு பற்றி எரியும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வாலு உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாயை அடைத்தாள். கடைசியில் ஒன்றே ஒன்றை விட்டுவைத்தாள்: ஒருவர் பூட்டியிருந்து, அவருக்குப் பின்னால் மற்றவர்கள் இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றால் மட்டும் சொல். யார் பூட்டினார், எந்த இருக்கை, எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதோடு சொல்.

பிறகு அமைதி. எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று காட்டும் பச்சைக் கோடு திரையில் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. ஒரு நாள் போனது, இன்னொரு நாளும் போனது. எந்தச் சர்வரும் இவ்வளவு ஆரோக்கியமாக இருந்து வாலு பார்த்ததில்லை. வேண்டாத நேரத்திலெல்லாம் படுத்துக்கொள்கிறது, வேண்டும்போது மட்டும் நல்ல பிள்ளை வேஷம் போடுகிறதே என்று அதைக் கரித்துக் கொட்டினாள். விசாரணை நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணி கூட, போனால் போகிறது விடு என்றாள். வாலு விடவில்லை. ஆய்வகத்தில் கூட்டம் நெரியும் முற்பகலில் இடத்தை விட்டு எழுந்திருக்காமல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேபிளும் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒயரில்லாத ஒரு விஷயத்தில் அவருக்கு ஆர்வம் வந்தது அதுதான் முதல் தடவை.

விசாரணைக்கு முந்தின நாள் முற்பகலில் கோடு தலையைத் தூக்கியது.

முதலில் ஒருவர் காத்திருந்தார், அப்புறம் மூவர், அப்புறம் ஏழு பேர். கோடு ஏணி மாதிரி படிப்படியாக ஏறியது. இரண்டு கைப்பேசிகளும் ஒன்றாக அதிர்ந்தன. அதே நேரத்தில் மேசைத் தொலைபேசியும் அடித்தது. ஆய்வகத்திலிருந்துதான்: திரை சுற்றுகிறது, கேபிளை அனுப்புங்கள். கேபிள் பழக்க தோஷத்தில் எழுந்தார். வாலு அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"போகாதீங்க அண்ணே. நீங்க போகாமலே சரியாகுதான்னு பாப்போம்."

இருவரும் பார்த்தார்கள். காலம் நகரவே மாட்டேன் என்றது. பிறகு, யாரும் எந்த ஒயரையும் தொடாமலே, கோடு பொத்தென்று தரைக்கு வந்தது. கேபிள் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். இத்தனை வருடம் குனிந்து நிமிர்ந்ததெல்லாம் வீணா என்று அவர் கேட்டபோது வாலு சிரித்துவிட்டாள். பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அதே சிரிப்போடுதான் கைப்பேசியை எடுத்து மெசேஜை முழுதாகப் படித்தாள்.

பூட்டியது: ஆய்வகம், மூன்றாம் இருக்கை.

மூன்றாம் இருக்கை அண்ணியுடையது.

வாலு திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். தவறே இல்லை. ஆய்வகத்துப் பழைய மென்பொருள், ஒருவர் ஒரு முடிவை எழுதத் திறந்தால் அந்த ஒன்றை மட்டும் பூட்டாது. அன்றைய பட்டியல் முழுவதையும் சேர்த்துப் பூட்டிக்கொள்கிறது. திறந்தவர் சேமித்து வெளியே வரும் வரை மற்றவர்கள் அனைவரும் நிற்க வேண்டியதுதான். அண்ணி திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைவர் எழுதியதும் அதைத்தானே.

மெசேஜில் இருக்கையைக் காட்டும் வரி ஒன்றே ஒன்றுதான். அதை நீக்கிவிட்டால் பூட்டு விழுகிறது, சிஸ்டத்தில் கோளாறு என்பது மட்டும் மிஞ்சும். அண்ணி தப்பித்துவிடுவாள். யாரும் துருவிக் கேட்கப்போவதில்லை, கேட்கத் தெரிந்த ஆளும் அங்கே வேறு யாருமில்லை. வாலு அந்த வரியை நீக்கினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடி நீக்கினாள். கேபிள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தனக்கு ஒயரைத் தவிர ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நல்ல மனிதர்.

வீட்டில் அண்ணி மறுநாளைக்கான சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். விசாரணைக்குப் போகிறவள் கசங்கின சேலையில் போகக் கூடாது என்று அவளுக்கு ஒரு வைராக்கியம். அண்ணன் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. வாலு சுற்றி வளைக்காமல் சொன்னாள். எல்லோரையும் நிறுத்தி வைப்பது மூன்றாம் இருக்கைதான். அன்றைக்கும் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"என்னைக் காப்பாத்தறேன்னு கிளம்பி என் தலையிலேயே கல்லைத் தூக்கிப் போட்டுட்டியா நீ?"

அண்ணி கொஞ்ச நேரம் சேலையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். கோபம் இறங்கியதும் அவளுடைய மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. அண்ணியின் கோபம் எப்போதும் அவ்வளவுதான். அன்றைக்கு என்ன திறந்து வைத்திருந்தேன் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். நினைவு வந்தது. ஒரு கர்ப்பிணியின் ரத்தம். பரிசோதனை எந்திரம் கொடுத்த எண் அபத்தமாக இருந்தது. அந்த எண் உண்மையென்றால் அந்தப் பெண் நடந்தே வந்திருக்க முடியாது. அதனால் ரத்தத்தை இரண்டாவது தடவை எந்திரத்தில் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். சந்தேகம் வந்தால் எப்போதும் செய்வதுதான். சொல்ல வேண்டிய விஷயமாகவே அது அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

அப்படியானால் திரையை மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதானே என்று வாலு கேட்டாள்.

"மூடினா அந்த எண் வெளியே போயிடும்டி. எந்திரம் தானா நிரப்பிடும், மூடினதும் வார்டுக்குப் போயிடும். அதைப் பாத்து யாராவது மருந்து ஏத்திட்டா? திறந்து வெச்சிருந்தாத்தான் அது என் கையில நிக்கும்."

வாலு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது உண்மை. ஒரு தப்பான எண்ணைக் கதவுக்கு வெளியே விடாமல் தடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதே கதவுக்குப் பின்னால் அந்தப் பெரியவரின் எண்ணும் மாட்டிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. அது புரிந்ததும் அண்ணியின் முகம் மாறியது. எனக்குத் தெரியவே தெரியாதே என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். வாலு வரியை நீக்கிவிடுவதாகச் சொன்னாள். ஏற்கெனவே நீக்கிப் பார்த்துவிட்டதையும் ஒப்புக்கொண்டாள்.

"நீக்காதே" என்றாள் அண்ணி. "அதை எடுத்துட்டா அந்த எண் எதுக்காக அங்கே நின்னுச்சுன்னு நான் யார்கிட்ட சொல்றது? என்னை எங்கே வேணா உக்கார வெக்கட்டும். நாளைக்கு அங்கே வேற ஒருத்தி வந்து உக்காருவா. அவளுக்கும் இதே கதி வரும். வேற ஒரு பெரியவர் போயிடுவார்."

மறுநாள் விசாரணை அறையில் நீள மேசை, சுவரில் ஒரு திரை, தண்ணீர் ஜாடி. நிர்வாகி ஓர் அம்மாள். குரலை உயர்த்தாமலே ஆளை வியர்க்க வைக்கக்கூடியவர். ஆய்வகத் தலைவர் வரவில்லை. அண்ணி இங்கே வந்துவிட்டதால் அவளுடைய வேலையைப் பார்க்க ஆளில்லை, தானே பார்த்துக்கொள்கிறேன், புகாரில் எழுதியதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். வாலு சாட்சி சொல்ல வந்திருக்கிறாள் என்றதும் நிர்வாகி புருவத்தைத் தூக்கினார். நீங்கள் இவருக்கு நாத்தனார் அல்லவா என்றார். ஆமாம், அண்ணிக்காகப் பரிந்து பேசும் நாத்தனார் சாட்சி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்றாள் வாலு. நிர்வாகி சிரிக்கவில்லை. ஆனால் உட்காரச் சொன்னார்.

வாலு சுவர்த் திரையில் கோட்டைக் காட்டினாள். குளியலறைக் கதையைச் சொன்னாள். முந்தின நாள் ஏணி ஏறியதைக் காட்டினாள். அடியில் எழுதியிருந்ததையும், குரல் நடுங்காமல், வாய்விட்டுப் படித்தாள். அண்ணி எழுந்து, எதற்காகத் திறந்து வைத்திருந்தாள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

நிர்வாகி பேனாவை மூடினார். இதைக் காட்டுவதற்கா இவ்வளவு பாடுபட்டீர்கள் என்று அவருடைய முகம் கேட்டது. தாமதத்துக்குக் காரணம் மூன்றாம் இருக்கைதான் என்று ஆகிறது, புகாரும் அதைத்தான் சொல்கிறது என்றார். மற்ற யாரும் இப்படிச் செய்வதாகத் தெரியவில்லையே என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. கோடு பிடித்துக்கொடுத்தது ஒரே ஒரு தடவை, அந்த ஒரு தடவையும் அண்ணியைத்தான். தான் பார்க்காத வருடங்களைப் பற்றி வாலு என்ன சொல்ல முடியும்? அண்ணி மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு குனிந்திருந்தாள். எல்லாவற்றையும் நானே கெடுத்துவிட்டேன் என்று வாலு நினைத்துக்கொண்டாள்.

கைப்பேசி அதிர்ந்தது. கதவோரம் நின்றிருந்த கேபிளின் சட்டைப் பையிலும் அதிர்ந்தது. வாலு நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். கோடு ஏறிக்கொண்டிருந்தது. காத்திருப்பவர்கள் நாலு பேர், பிறகு ஆறு பேர். கீழே எழுத்து தானாக மாறியது.

பூட்டியது: ஆய்வகம், மூன்றாம் இருக்கை.

நிர்வாகி அதைப் படித்தார். பிறகு எதிரே உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

வாலு அனுமதி கேட்கவில்லை. மேசைத் தொலைபேசியை முன்னால் இழுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, ஆய்வகத்தின் எண்ணை அழுத்தினாள். நெடுநேரம் மணி அடித்த பிறகு ஆய்வகத் தலைவர் எடுத்தார்.

"யாரு? இப்ப பேச நேரமில்லை. ஒரு சோடியம் ஒத்தே வரலை, ரெண்டாவது தடவை ஓட்டிட்டிருக்கேன்."

"டாக்டர்," என்றார் நிர்வாகி, "திரையை மூடிட்டீங்களா?"

"மூடினா தப்பான எண் வார்டுக்குப் போயிடும் மேடம். அதுக்குத்தான் திறந்து வெச்சு உக்காந்திருக்கேன்."

சொல்லிவிட்டு அவர் நின்றுவிட்டார். தான் சொன்னதைத் தானே கேட்டுவிட்டார் போலிருக்கிறது. சுவரில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள்.

அண்ணி எழுந்து தொலைபேசிப் பக்கம் குனிந்தாள். குரலில் வெற்றியும் இல்லை, குத்தலும் இல்லை. வேலை நேரத்துக் குரல்.

"டாக்டர், உங்களுக்குப் பின்னால எல்லாருக்கும் திரை சுத்திட்டிருக்கும். அவசரப் பிரிவு முடிவு எதாவது நிக்குதான்னு பக்கத்து இருக்கையில கேளுங்க. இருந்தா ஃபோன் பண்ணி வாயால சொல்லிடச் சொல்லுங்க. நீங்க மூட வேணாம், அப்படியே பிடிச்சிட்டிருங்க. நான் வரேன்."

மறுமுனையில் அவர் யாரிடமோ கேட்பது கேட்டது. யாரோ ஒரு பெயரையும் ஓர் எண்ணையும் சொன்னார்கள். நாற்காலி நகர்ந்தது, இன்னொரு தொலைபேசியை எடுக்கும் சத்தம் வந்தது. பிறகு தலைவரின் குரல், முன்னைவிடத் தணிவாக, "அன்னைக்கு நான் பாத்தப்போ...?" என்று தொடங்கி நின்றது.

"இதேதான் டாக்டர்" என்றாள் அண்ணி.

அந்தப் புகாரைத் தனக்கே திருப்பி அனுப்பிவிடும்படி தலைவர் நிர்வாகியிடம் சொன்னார். அந்த மென்பொருளை எழுதியவர்களை இன்றைக்கே கூப்பிட வேண்டும் என்றும் சொன்னார். நிர்வாகி தலையசைத்து, இனி உங்கள் மேல் ஒன்றுமில்லை என்று அண்ணியிடம் சொல்வதற்காக நாற்காலியின் பக்கம் திரும்பினார்.

நாற்காலி காலியாக இருந்தது. இஸ்திரி மடிப்புக் கலையாத சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அண்ணி அதற்குள் பாதிப் படிக்கட்டு இறங்கியிருந்தாள்.